புகைபோக்கிக்கு ஒரு மென்பொருள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய காரியம் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில்தான் நடந்தது. ஆய்வக அறிக்கைகளில் படம் வரைய எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்று நாங்கள் முடிவு செய்தோம். இடையில் சக்கரம், மின்சாரம் என்று சில சில்லறை விஷயங்களும் நடந்ததாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். அவற்றுக்கெல்லாம் முறையாகக் குழு போட்டார்களா என்பது சந்தேகம்தான்.

எங்கள் குழுவில் மூன்று பேர். தலைவர், எங்கள் துறைத்தலைவரேதான். இன்னொருவர் இளநிலை விரிவுரையாளர். அச்சுப்பொறியில் சிக்கிய காகிதத்தைக் கிழிக்காமல் உருவி எடுப்பார் என்பதால் 'தொழில்நுட்ப வல்லுநர்' ஆனவர். செயலாளர் அடியேன். எவ்வளவு நேரம் தலையாட்டினாலும் எனக்குக் கழுத்து வலிக்காது.

அதுவரை மாணவர்கள் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்கள். அதுவும் கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்தார்கள். என்ன ஒரு பிற்போக்கு! குடுவையில் விரிசல் இருந்தால் படத்திலும் விரிசல். தாங்கி சாய்ந்திருந்தால் படத்திலும் சாய்ந்தே நிற்கும். அறிக்கைகளைப் புரட்டிய வெளியாட்கள் கண்ட கண்ட கேள்வியெல்லாம் கேட்டார்கள்.

"ஆராய்ச்சி முன்னப்பின்ன இருக்கலாம்யா, அம்புக்குறி நேரா இருக்கணும்," என்றார் தலைவர். அதுவே குழுவின் கொள்கை ஆயிற்று.

முதல் மென்பொருளில் பீக்கர் தம்ளரைப் போல இருந்தது. "பாக்கும்போதே காபி குடிக்கணும்னு தோணுதே," என்று தலைவர் கவலைப்பட்டார். கூட்டம் காபிக்காக ஒத்திவைக்கப்பட்டது. காபி வந்தது, மென்பொருள் போனது.

இரண்டாவது மென்பொருள் கண்டிப்பானது. கருவிகளைத் தப்பாக இணைத்தால் 'டிங்' என்று சத்தம் போட்டு, தப்பு நடந்த இடத்தில் சிவப்பு வட்டம் போடும். தலைவர் கை தட்டினார்.

"பசங்க இனிமே தப்பிக்க முடியாதுய்யா!"

ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். தீர்மானத்தின் மை காய்வதற்குள் ஓர் இறுதியாண்டு மாணவி கதவைத் தட்டினாள். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தலைவர் அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் தேர்ச்சி, தேர்ச்சி பெற்றால் வேலை. கையில் பென்சில் படம் வைத்திருந்தாள், பாவம்.

"சார், லேப்ல ஒரே புகைச்சல் சார்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "எந்த டிபார்ட்மென்ட்லம்மா புகைச்சல் இல்ல? எனக்கு இந்தப் பதவி வந்ததிலேருந்து நாலு பேருக்கு வயிறு எரியுது. நான் அதையெல்லாம் கண்டுக்கறதே இல்ல."

"அந்தப் புகைச்சல் இல்ல சார், நிஜப் புகை. அமிலப் புகை. லேப்ல இருந்து போற குழாய், பக்கத்து கிளாஸ் ரூமுக்குள்ளதான் வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. படத்துல வரைஞ்சிருக்கேன், பாருங்க. என் தங்கச்சி முதல் வருஷம், அங்கதான் உக்காருறா. வீட்டுக்கு வந்தா இருமி இருமி சாப்பிடக்கூட முடியல."

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். அந்த வகுப்பறை முன்பு வெட்டவெளியாக இருந்தது. தலைவர்தான் சுவர் எழுப்பி, கூரை போட்டு, ரிப்பன் வெட்டி அதைக் 'கூடுதல் வகுப்பறை' ஆக்கினார். எல்லோருக்கும் அழைப்பு போனது. புகைக்குழாய்க்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை. அது வழக்கம்போல் 'வெளியே' புகை விட்டுக்கொண்டிருந்தது.

"பென்சில் படமெல்லாம் இப்ப வாங்கறதில்லம்மா. அதோ கம்ப்யூட்டர். உக்காந்து வரை," என்றார் தலைவர்.

வரைந்தாள். ஆய்வகம், குழாய், சுவர், பக்கத்து அறை. கடைசிக் கோட்டைப் போட்டதும் 'டிங்.' குழாயின் வாயில் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: 'புகை மூடிய அறைக்குள் வெளியேறுகிறது. உடனே சரிசெய்யவும்.'

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுக்கு யாருய்யா சொல்லிக் கொடுத்தது?" என்றார் தலைவர்.

"அதுவாவே கண்டுபிடிக்குது சார்," என்றார் வல்லுநர்.

தலைவர் அந்த வரியைக் கணினிச் சுட்டியால் மூடினார். டிங். மறுபடி மூடினார். டிங்.

"வந்து முழுசா ஒரு நாள் ஆகல, துறைத்தலைவரையே எதுத்துப் பேசுது! தூக்கு இத!"

'நிர்வாகத்துடன் ஒத்துழைக்கும் பண்பு இல்லாமை' என்று காரணம் எழுதி அதை நீக்கினேன். இத்தனை வருடப் பணியில் நான் எழுதிய மிக நேர்த்தியான வாக்கியம் அதுதான்.

மூன்றாவது மென்பொருளை வல்லுநர் அங்கேயே இறக்கினார். "இது சொன்ன பேச்சு கேக்கும் சார்." சோதித்துப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியில் நெருப்பு வரைந்தோம், எரிந்தது. பீக்கரைக் கவிழ்த்தோம், ஒரு சொட்டு சிந்தவில்லை. தலைவர் நெகிழ்ந்துவிட்டார்.

"இதுக்குப் பேருதான்யா ஒழுக்கம்."

மாணவி மட்டும் நகரவில்லை. "எதுல வரைஞ்சாலும் குழாய் எங்க இருக்கோ அங்கதான் சார் வரைவேன்."

"உனக்கு வேலை வேணாமா?"

"வேணும் சார். தங்கச்சியும் வேணும்."

தலைவர் தங்கமான மனிதர். ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வருமா? என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் அவள் வரைந்ததை மூன்றாவது மென்பொருளில் திறந்து, சுட்டியைப் பிடித்தேன். குழாயின் வாயை அப்படியே பிடித்து இழுத்தேன். சுவரைத் தாண்டி, கூரையைத் தாண்டி வந்தது. ஒரு செங்கல் அசையவில்லை. கொத்தனார் வரவில்லை, தூசி பறக்கவில்லை, டிங் சத்தமும் இல்லை. மேலே நீல வானம் போட்டேன். மென்பொருளிலேயே மேகம் இருந்தது, அதையும் ஒன்று வைத்தேன்.

"பாத்தியாம்மா? புகை வெளிய போயிடுச்சு!" என்று சொல்லி, அச்செடுத்த படத்தை அறிக்கையில் சேர்த்துத் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப என் தங்கச்சியையும் படத்துலயே மூச்சு விட்டுக்கச் சொல்லிடவா சார்?"

"எங்ககிட்டயே படம் காட்டாதம்மா!" என்றார் தலைவர். படம் வரையும் குழுவிடம் 'படம் காட்டாதே' என்கிறார்! என்ன சொல்வன்மை! வல்லுநர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் பென்சில் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கையெழுத்துப் போட்ட அறிக்கை மேசையிலேயே கிடந்தது.

அது வீணாகவில்லை. படத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு, கூடுதல் வகுப்பறையின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறோம். வருகிற விருந்தினர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம். புகை எவ்வளவு அழகாக வானத்தில் கலக்கிறது என்று வியக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமுகிறார்களே என்று சிலர் கேட்பதும் உண்டு.

"நல்ல காரியம் செஞ்சா நாலு பேருக்குப் புகைச்சல் இருக்கத்தான் செய்யும்," என்கிறார் தலைவர்.

அந்த இருமலையும் ஆய்வக அறிக்கையில் காட்ட வேண்டும் என்று இப்போது சில பெற்றோர் மனு கொடுத்திருக்கிறார்கள். குழு கூடி ஆராய்ந்தது. இருமலை வரையும் மென்பொருள் இன்னும் உலகத்தில் வரவில்லை. வந்தால், அதை வேண்டாம் என்று சொல்லும் முதல் கல்லூரி எங்களுடையதாகத்தான் இருக்கும்.