கல்யாணப் பத்திரிகையில் மூன்று எஸ்.எஸ்.எல்.சி.

சேலையூர்,
9-4-1988

மதிப்பிற்குரிய மச்சான் அசரியா அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் நலம், முருங்கை மரம் நலம், கோழிகள் நான்கும் நலம். அரக்கோணத்தில் நீங்களும் உங்கள் வீட்டம்மா ஞானசௌந்தரி அக்காவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் தங்கை ரத்தினபாய் மிக மிக நலம். அவளைப் பற்றிப் புகார் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அடித்த எங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தயவுசெய்து பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். மணமகள் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று இருக்கிறதா? அதைப் போடச் சொன்னது அண்ணனாகிய நீங்கள். மணமகன் பெயருக்குப் பின்னாலும் அதே இருக்கும், அது வேறு விஷயம். பெண் படித்தவள் என்றால் மாப்பிள்ளை மட்டும் மொட்டையாக நிற்கலாமா என்று என் சித்தப்பா அச்சகத்துக்குப் போய்ச் சேர்த்துவிட்டார். நான் கணக்கில் மட்டும்தான் கோட்டைவிட்டேன், மற்ற பாடமெல்லாம் பாஸ், ஆகவே அதை முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அழைப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பின்னாலும் எஸ்.எஸ்.எல்.சி. உண்டு. பத்திரிகையைப் பார்த்தால் பள்ளிக்கூட ரிசல்ட் மாதிரி இருக்கிறது என்று அப்போதே சபையில் பேசிக்கொண்டார்கள்.

இருக்கட்டும். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் நான் ஸ்டோரில் ஹெல்ப்பராகப் பதினான்கு வருஷமாகக் குப்பை கொட்டுவது உங்களுக்குத் தெரியும். போன ஜூலையில் புது மேனேஜர் கூப்பிட்டு, "வேதசிரோமணி, ஸ்டோர் கீப்பர் போஸ்ட் காலியாகப் போகுது, உங்களுக்கே போடலாம்னு இருக்கேன், எஸ்.எஸ்.எல்.சி. ஒரிஜினல் கொண்டாங்க" என்றார். கரையான் அரித்துவிட்டது சார் என்றேன். "அதுக்கென்ன, டூப்ளிகேட் வாங்கிடுங்க. ஜூனுக்குள்ள வரலைன்னா துளசிங்கத்துக்குப் போட்டுடுவேன்" என்றார். துளசிங்கம் எனக்கு ஆறு வருஷம் ஜூனியர், நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவனுக்கு போல்ட்டுக்கும் நட்டுக்கும் வித்தியாசம் தெரியும். அவனிடம் போய்க் கைகட்டி நிற்பதைவிடக் கணக்குப் பரீட்சை எழுதுவதே மேல் என்று ரகசியமாகப் பணம் கட்டிவிட்டேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது? எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்டாட்டியிடம் நான் படிக்காதவன் என்று சொல்ல வாய் வருமா? கணக்குப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, மேலே 'ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் கைநூல்' என்று எழிலாக எழுதிவிட்டேன். காலையில் ரயிலில், சாயங்காலம் கொல்லைப்புறத்தில், ஒரே தியானம். ரத்தினபாய் நடுவில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அவளும் அதே சமயத்தில் ரொம்பப் பக்தியாகிவிட்டாள். புதன்கிழமை தோறும் கேம்ப் ரோடில் பெண்கள் ஜெபக் கூட்டம் என்பாள், திரும்பி வந்தால் விரலெல்லாம் மைக் கறை. ஜெபக் குறிப்பு எழுதினேன் என்பாள். நானும் நம்பினேன், மச்சான். போதகர் ஐயா ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, வேதத்தில் வளரும் குடும்பத்துக்கு இதுவே உதாரணம் என்று காட்டினார். எனக்கு உடம்பு கூசியது. அவள் தலையைக் குனிந்துகொண்டதை அடக்கம் என்று நினைத்தேன்.

பரீட்சை அன்று வழக்கம்போல டிபன் கேரியரோடு கம்பெனிக்குக் கிளம்பினேன். அவள் கோவிலில் உபவாச ஜெபம் என்றாள். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் என்னை மறித்து, "இன்னா சார், பையனுக்குப் பரீட்சையா? அப்பா அம்மால்லாம் வெளியிலதான் நிக்கணும்" என்றான். எனக்குத்தான்பா என்று ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "போ போ, பெல்லு அடிச்சுக்கினு கீது" என்றான். அந்த ஏகவசனத்தில்தான் நான் மாணவனாகிவிட்டது எனக்கு உறைத்தது.

கேள்வித்தாள் கொடுத்துக் கால் மணி நேரம் இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடி வந்தாள். அவள் கட்டியிருந்தது போன கிறிஸ்மஸுக்கு நான் எடுத்துக்கொடுத்த நீலச் சேலை. எனக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டுக் கிளம்பியதால் லேட்டாம்! என் கையிலிருந்த காம்பஸ் கீழே விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கம்பெனிக்குப் போகலை?"

"நீ உபவாசத்துக்குப் போகலை?"

மேற்பார்வை டீச்சர் மேசையைத் தட்டி, "அங்க என்ன பேச்சு? ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?" என்றார். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "இவர் யாருன்னே தெரியாது மேடம்" என்றாள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான், பிறகாவது வெளியே போய் அழுதான். இவள் ஒரே தடவையில் முடித்துவிட்டு அடிஷனல் ஷீட் கேட்டாள். மொத்தம் நான்கு வாங்கினாள். எனக்குக் கொடுத்ததிலேயே இரண்டு பக்கம் மிச்சம்.

முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நிஜமாகவே பட்டினி கிடந்திருக்கிறாள். என் டிபன் கேரியரை முழுக்கக் காலி செய்தாள். நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருப்பவளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசையாம், படித்த புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயமாம். புதன்கிழமை ஜெபக் கூட்டமெல்லாம் ட்யூஷன்தானாம்.

"கிராஃப் நல்லா வந்துச்சா?" என்றாள்.

"கிராஃப் எங்க இருந்துச்சு?" என்றேன்.

எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

எது எப்படியோ, நான் பாஸ் என்பது உறுதி. அவள் பாவம், தேறமாட்டாள். ஆறுதல் சொல்ல நான் இருக்கிறேன். ஆனால் பொய்யான படிப்பைக் காட்டி ஒரு குடும்பத்தை ஏமாற்றிய குற்றத்துக்கு, பெரியவர் என்ற முறையில் நீங்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் சமாதானம் பெருகுவதாக.

இப்படிக்கு, ஏமாற்றப்பட்ட மைத்துனன்,
ஜே. வேதசிரோமணி, எஸ்.எஸ்.எல்.சி.

பின்குறிப்பு (11-6-1988): தபாலில் போட மறந்து இக்கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. துவைக்க எடுத்த ரத்தினபாய் முழுவதும் படித்து, விழுந்து விழுந்து சிரித்தாள். ரிசல்ட் பேப்பரில் அவள் நம்பர் இருக்கிறது. என் நம்பருக்கு முன் நம்பரும் பின் நம்பரும் இருக்கின்றன. அவள் நம்பரைப் பார்த்ததும் டீக்கடையிலேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். இப்போது புதன்கிழமைகளில் அவள்தான் எனக்கு கிராஃப் சொல்லித்தருகிறாள். கரையான் கதையை மேனேஜர் முதல் நாளே நம்பவில்லையாம், அக்டோபர் வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் வந்து பதில் சொல்ல வேண்டாம். மேலே என் கையெழுத்துக்குப் பின்னால் உள்ள நான்கு எழுத்தையும் அடித்துவிடவும்.

பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பின்னால் உள்ளதும் அதே கதைதான் என்றும், அக்காவுக்கு இன்றுவரை தெரியாது என்றும் ரத்தினபாய் சொன்னாள். அக்டோபர் பரீட்சைக்கான விண்ணப்பம் ஒன்று உங்களுக்காக இத்துடன் வைத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்துக்கு நானே அட்டை போட்டு அனுப்புகிறேன். மேலே என்ன எழுத வேண்டும் என்று மட்டும் தெரிவிக்கவும்.