மானம் காக்கும் ஹூஷங்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அதற்கு வாலும் கிடையாது, கொம்பும் கிடையாது. ஊரார் மானத்தையெல்லாம் தன் வீட்டுச் சொத்தாக நினைத்துக் காவல் காப்பதே அதன் பிழைப்பு. கேட்காமலே காக்கும். வேண்டாம் என்றாலும் விடாது.

ஏதென்ஸில் அடைக்கலம் கேட்டு வரும் ஈரானியர்களுக்கு மொழிபெயர்க்கும் ஹூஷங் இந்த இனத்தின் அசல் வாரிசு. இஸ்திரி கலையாத கோட்டு. எந்த வாசலிலும் ‘முதல்ல நீங்க போங்க’ என்று பின்னால் வருபவர்களையெல்லாம் நிறுத்திவைக்கும் உபசாரம். யார் வீட்டுப் பெண் ஓடிப்போனாலும் ‘மேல்படிப்புக்குப் போயிருக்கு’ என்று ஊருக்குச் சொல்லும் நல்ல மனசு. இப்பேர்ப்பட்டவர் பொய் சொல்வாரா? சேச்சே! உண்மைக்குக் கொஞ்சம் உடுப்புப் போட்டு அனுப்புவார், அவ்வளவுதான்.

அன்று அவரிடம் வந்து மாட்டியவன் ஷிராஸிலிருந்து தப்பி வந்த மெஹ்ராத். இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறான். திருப்பி அனுப்பினால் உயிர் தங்காது. அதிகாரி ஸ்தவ்ரூலா கேட்கக் கேட்க, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை வியர்த்து விறுவிறுத்துச் சொன்னான்.

“பூயான்னு ஒருத்தன். அவனும் நானும் காதலிச்சு ஒண்ணா வாழ்ந்தோம்.”

“ரெண்டு பேரும் வாடகையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க” என்றார் ஹூஷங், கிரேக்கத்தில்.

“நாங்க முத்தம் கொடுத்துக்கிட்டதை வீட்டுக்காரர் பாத்துட்டார்.”

“வீட்டுக்காரரோட சின்ன மனஸ்தாபம்.”

“போலீஸ் பூயாவை இழுத்துட்டுப் போச்சு. பொணமாத்தான் திருப்பிக் கொடுத்தாங்க.”

ஹூஷங் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். “கூட இருந்தவர் தவறிட்டார், பாவம்.”

ஸ்தவ்ரூலா பேனாவைக் கீழே வைத்தாள். “வாடகைத் தகராறுக்கெல்லாம் இங்க அடைக்கலம் கொடுக்கிறதில்லையே.”

ஹூஷங் மெஹ்ராத் பக்கம் சாய்ந்து பாரசீகத்தில் ஆறுதல் சொன்னார்: “கவலைப்படாதே தம்பி. அந்த அசிங்கத்துல ஒரு வார்த்தைகூட இந்தம்மா காதுல விழாமப் பாத்துக்கிட்டேன். உன் மானம் பத்திரம்.”

மெஹ்ராதுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. எழுந்து நின்றான். அவன் வேலை செய்யும் சமையலறையில் நாள் முழுக்க ரேடியோ அலறும். அத்தனையும் காதல் பாட்டு. அதில் பொறுக்கிய கிரேக்கம்தான் அவன் கையிருப்பு. வாடகைக்கு அதில் சொல் கிடையாது. காதலுக்கு உண்டு.

“பூயா, என் உயிர். நான், அவன், காதல். அதுக்காகக் கொன்னாங்க. நான் போனா, என்னையும்.”

ஸ்தவ்ரூலா ஹூஷங்கை வெளியே அனுப்பினாள். வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து முதலிலிருந்து விசாரிப்பது என்று முடிவாயிற்று. ஹூஷங்குக்குத் தாங்கவில்லை. “நல்லது செஞ்சா இதுதான் பலன்! இவன் அம்மா காதுக்குப் போனா அவ எப்படித் தாங்குவா?” என்று நடைவழியில் நின்று காவலாளியிடம் புலம்பினார். பிள்ளை பிணமாக வந்தால் அவள் எப்படித் தாங்குவாள் என்பது அவர் யோசனைக்கு வரவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன கல்யாணத்துக்கு உங்கள் தம்பி ஒருவரை அழைத்து வந்தானே, வருஷக்கணக்காக அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர். யாரென்று சொந்தக்காரர்கள் கேட்டதும், அவன் வாய் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டு ‘கூட வேலை பாக்குறவர்’ என்றீர்கள். சமாளித்துவிட்டேன் பார் என்று அவனைப் பார்த்துக் கண்ணும் அடித்தீர்கள்.

அவன் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. கவனித்தீர்களா?