ஏரியல் பாயும் பூட்டுப் போட்ட சேதியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஏரியல் பாய் ஏறாத மொட்டைமாடி கிடையாது. குரங்குகளுக்குக்கூட நாலைந்து பாக்கி இருக்கலாம், அவருக்கு இல்லை.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் எதிர் வீடு. டிவி ரிப்பேர் பார்த்தவர். சோப்பு டப்பா அளவில் பொட்டி செய்து, கொம்பு மாதிரி ஏரியல் வைத்து, மாடிக்கு மாடி கட்டினார். டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம். ஒரு பொட்டி அடுத்த பொட்டிக்குச் சேதியைத் தள்ளிவிடும். அனுப்பினவரும் வாங்குகிறவரும் தவிர யாராலும் படிக்க முடியாதாம்.

அங்கேதான் சிக்கல். பக்கத்து வீட்டு வசந்தா கேட்டாள்:

"எங்க மாடி வழியா போற சேதிய நாங்க படிக்கக் கூடாதா?"

"கூடாது தங்கச்சி."

"அப்ப வேற மாடி பாருங்க பாய்."

எங்கள் தெருவில் சேதி சுமப்பவளுக்குச் சேதியில் பங்கு உண்டு. மீன் கூடையோடு அதையும் வீடு வீடாக இறக்குவோம். பாய் ஒரு வாரம் நடந்து, அவள் மிக்சியை ரிப்பேர் செய்து கொடுத்துத்தான் மாடியை வாங்கினார்.

என் மாடியில் ஒன்று, என் மகன் போட்டில் ஒன்று கட்டினார். என் போனிலும் ஏதோ ஏற்றினார்.

"நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் பாய்."

"மெதுவா படிங்கக்கா. சேதி எங்க ஓடிடப்போவுது?"

ஒரு நாள் திடீரென்று பெருங்காற்று. டவர் சாய்ந்து எல்லாருடைய போனும் ஊமையாகிவிட்டது. விடியலில் கடலுக்குப் போன மகனின் போட்டு மட்டும் மத்தியானமாகியும் திரும்பவில்லை. தெருவே என் வாசலில் நின்றது. அப்போது என் போன் டிங் என்றது. வசந்தா கை நீட்டினாள். பாய் மறித்தார்.

"அக்காவுக்கு வந்தது. அக்காதான் படிக்கணும்."

"உசுரு போவுது பாய், நீங்களாவது படிச்சிச் சொல்லுங்க" என்றேன்.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டேன். க... ரை... யே...

"கரையேறிட்டோம்மா. பரங்கிப்பேட்டையில இருக்கோம். நாலு பேரும் நல்லா இருக்கோம்."

தெரு போட்ட கூச்சலில் காற்றே அடங்கிவிட்டது. மறுபடி படி, மறுபடி படி என்றார்கள். மூன்றாம் தடவை எங்கேயும் தடுக்காமல் படித்தேன்.

"ஆறு மாடி தாவி வந்திருக்கு" என்றார் பாய்.

"அதுல ஒண்ணு எங்க மாடி" என்றாள் வசந்தா, என் மகனைத் தோளில் தூக்கி வந்தவள் மாதிரி.

இப்போது தினம் காலையில் 'சாப்டிங்களா பாய்' என்று எழுத்துத் தேடித் தட்டி அனுப்புகிறேன். எதிர் வீடுதான். கூப்பிட்டாலே கேட்கும்.