கம்பத்தில் போட்ட ஓரியூர் மொட்டை

ஒயின் குடிப்பது குடியில் சேராது என்று நானும் சிலுவைமுத்துவும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். கூட்டத்துக்கு வந்திருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். இடம், தங்கச்சிமடத்தில் என்னுடைய படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. முன்மொழிந்தது சிலுவைமுத்து. வழிமொழிந்தது ஆன்டனி ராஜ் ஆகிய நான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவன் செல்போனில் வந்த ஒரு விளம்பரம். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களையும் மூன்று ஒயின் ஆலைகளையும் குழுவாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்களாம். ராமநாதபுரத்திலிருந்து வேன். ஒரு ராத்திரி தங்கல். ஒவ்வோர் ஆலையிலும் ருசி பார்க்கலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் சிலுவைமுத்து எனக்குப் பலமுறை வாசித்துக் காட்டினான்.

"மாப்ள, இது கல்விச் சுற்றுலாடா."

"பள்ளிக்கூடத்துல படிக்கையில நம்மள எங்கயும் கூட்டிட்டுப் போகல. இப்பயாச்சும் போவோம்."

"எந்தங்கச்சி கேட்டா என்ன சொல்லுவ?"

சிலுவைமுத்து என் மனைவி ஜோதிமேரியைத் தங்கச்சி என்பான். அங்கேதான் சிக்கல். ஏனென்றால், என் மகள் ஜெர்லின் கோயிலில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கிய அன்று, பீடத்துக்கு முன்னால் நின்று இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். அன்று வீட்டுக்கு வந்ததும் ஜோதிமேரி சொன்னாள். "தவறிப்போய்க் குடிச்சாக்கூட மன்னிச்சிருவேன். எங்கிட்டப் பொய் சொன்னீங்கன்னா மட்டும், அன்னைக்கே உங்களை நம்புறதை விட்டுருவேன்." அதில் முதல் பாதியைத்தான் நான் ஞாபகம் வைத்திருந்தேன். எனக்குச் சாதகமானதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது என் பிறவிக் குணம்.

அன்று சாயந்திரம் அடுப்படி வாசலில் நின்று ஆரம்பித்தேன்.

"ஜோதி, வெள்ளிக்கிழமை ஓரியூர் போலாம்னு இருக்கேன்."

அவள் மீனை அரிவாள்மனையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். ஓரியூர் எங்கள் பக்கத்தில் பெரிய திருத்தலம். அருளானந்தர் ரத்தம் சிந்திய இடம் என்பதால் அங்கே மண்ணே சிவப்பு. அந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து நோய்நொடிக்கு நெற்றியில் பூசுவோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

"நீங்களா?"

"நானேதான். ராத்திரி அங்கனயே தங்கி, ஜெபம் பண்ணிட்டு வாரேன்."

"கூட யாரு?"

"சிலுவைமுத்து."

"அண்ணன் ஞாயித்துக்கெழமைப் பூசைக்கே வெளியில வேப்பமரத்தடியில நிப்பாரு!"

"அதான், அவனுக்கும் சேத்து."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நானாகக் கோயிலுக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கையைக் கழுவிவிட்டு வந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவள் காலரை முடித்துவிட்டுக் கைக்கு வந்துவிட்டாள். சரி, முழுச் சட்டையும் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேன் கிளம்பியது. எங்களுக்கு வழிகாட்டி ஜெயப்பிரியா என்ற பெண். தலையில் தொப்பி, கையில் மைக். உச்சிப்புளிக்கார ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கமுதி மிளகாய் வியாபாரிகள், நாங்கள் என்று வேன் நிறைய நல்லவர்கள். எல்லோரும் பார்ப்பதற்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். அவரவர் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஆலையில் ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தார்கள். பெரிய கிண்ணம். எனக்கு மனசு நிறைந்தது. பிறகு ஊற்றினார்கள். கிண்ணத்தின் அடி நனைந்தது.

"இதை மெதுவாச் சுழட்டுங்க சார். இப்ப மோந்து பாருங்க. என்ன வாசம் வருது?" என்றாள் ஜெயப்பிரியா.

"நீயே சொல்லும்மா," என்றான் சிலுவைமுத்து.

"லேசா ஈர மண் வாசம் வரும் சார்."

"நாங்க ராமநாதபுரம் ஜில்லாம்மா. ஈர மண்ணுன்னா எப்படி இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சரி சார், இப்ப ஒரு வாய் வச்சு, நாக்குல உருட்டி, இந்த வாளியில துப்பிருங்க."

வேன் மொத்தமும் திடுக்கிட்டு நின்றது.

"துப்பணுமா?"

"அதுதான் சார் முறை."

"ஏம்மா, தண்ணியில்லாக் காட்டுல இருந்து வந்துருக்கோம். குடிதண்ணியையே துப்புனா வீட்டுல சோறு போட மாட்டாங்க. இதைப் போய்த் துப்பச் சொல்றியே!" என்றார் கமுதிக்காரர் ஒருவர். வாளி கடைசிவரை காய்ந்தே கிடந்தது.

இரண்டாவது ஆலையிலும் அதே நனைப்புத்தான். நான் செய்த பாவத்துக்குத் தகுந்த அளவுகூட ஊற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். இப்படி நரகத்துக்குப் போனால் அங்கே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது ஆலையில் நுழையும்போது செல்போன் அடித்தது. ஜோதிமேரி.

"என்னங்க, போய்ச் சேந்துட்டீங்களா?"

"கோயிலுக்குள்ளதான் நிக்கிறேன் ஜோதி."

அந்த நேரம் பார்த்து ஜெயப்பிரியா மைக்கைப் பிடித்தாள். "திராட்சை ரசம் பழசாக ஆக மேன்மை அடையும்!"

"அது என்னங்க சத்தம்?"

"பிரசங்கம். கானாவூர்க் கல்யாணத்துல ஏசு தண்ணியைத் திராட்சை ரசமாக்குன கதை."

"பொம்பளைக் குரலா இருக்கு?"

"சிஸ்டர் ஒருத்தங்க."

"ஓகோ. கூட்டம் எப்படி?"

"ஏயப்பா! கால் வைக்க எடமில்ல."

 அவள் மிகவும் சாந்தமாகப் பேசினாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேங்க. உங்க பேர்ல ஒரு மொட்டை நேந்துருக்கேன். அங்கனயே போட்டுட்டு வந்துருங்க."

"மொட்டையா? எனக்கா?"

"கோயிலுக்குள்ளதான நிக்கிறீங்க? வெளிய வந்தா மொட்டை போடுற கொட்டகை. அப்புறம், மண்ணு ஒரு பை நெறைய அள்ளிட்டு வாங்க. பக்கத்து வீட்டு முருகலட்சுமி அக்கா கேட்டுச்சு."

போன் வைக்கப்பட்டது. நான் சிலுவைமுத்துவைப் பார்த்தேன். அவன் என் முடியைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயதிலும் நரைக்காத முடி அது.

"நீயும் ஓரியூருன்னுதான சொல்லிட்டு வந்த? நீயும் போடு," என்றேன்.

"நான் எதுக்குலே போடணும்? எம்பொண்டாட்டிகிட்ட ஒயின் குடிக்கப் போறேன்னுதான் சொன்னேன். 'போய்த் தொலை'ன்னு வழியனுப்பி வச்சா."

அயோக்கியன். உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

கம்பத்தில் ஒரு சலூனில் உட்கார்ந்தேன். முடி வெட்டுகிறவர் பக்தியோடு கேட்டார். "எந்தக் கோயிலுக்குங்க?"  சிலுவைமுத்து, "குடும்பக் கோயில்" என்றான். மழித்து முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன். என் மாமனார் மாதிரியே இருந்தேன்.

மண்ணுக்குக் கவலைப்படவில்லை. ஓரியூர் மண்ணும் சிவப்பு, திராட்சைத் தோட்டத்து மண்ணும் சிவப்பு. மறுநாள் புறப்படுவதற்கு முன் கொடிக்கு அடியில் குனிந்து ஒரு பை அள்ளினேன். "மண் பரிசோதனைக்கா சார்?" என்றாள் ஜெயப்பிரியா. "ஆமாம்மா, பெரிய பரிசோதனை," என்றேன்.

வீட்டு வாசலில் ஜோதிமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் சந்தனம் பூசினாள். பூசும்போது கை கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருந்தது. மண் பையைப் பிரித்தவள், உள்ளேயிருந்து காய்ந்த இலை ஒன்றை எடுத்தாள்.

"ஓரியூர்ல திராட்சைக் கொடி போட்டுருக்காங்களா?"

"பூசை ரசத்துக்கு வளக்குறாங்க போல."

"நல்ல ஏற்பாடு," என்று சொல்லிவிட்டுப் பையோடு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "மொட்டை போட்ட கையோட நீங்களே அக்காகிட்டக் குடுங்க. அதுதான் விசேஷம்."

முருகலட்சுமி அக்காவின் மகன் மாரீஸ்வரன் கடலுக்குப் போன இடத்தில் படகோடு இலங்கைக்காரர்களிடம் பிடிபட்டுச் சிறையில் இருக்கிறான். அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என் மொட்டையைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டது.

"எம்மகனுக்காகவுமாய்யா வேண்டிக்கிட்ட?"

நான் தலையை ஆட்டினேன். அக்கா பொட்டலத்தைப் பிரித்து, மண்ணை நெற்றியில் பூசி, மிச்சத்தை மாரீஸ்வரன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதது. "அந்த மண்ணு கைவிடாதுய்யா," என்றது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஒயின் ஆலைத் தோட்டத்து மண்ணை ஒரு தாயின் நெற்றியில் பூச வைத்துவிட்டேனே! எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நேராக அடுப்படிக்குப் போய் ஜோதிமேரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேன், வாளி, சிஸ்டர், சலூன், மண் எதையும் மறைக்கவில்லை.

"அந்த மண்ணைத் திருப்பி வாங்கிரு ஜோதி. எனக்குத் தாங்கல."

"எதுக்கு வாங்கணும்? அது ஓரியூர் மண்ணுதான்."

"இல்ல, நான் கம்பத்துல..."

"நீங்க அள்ளுனதுல கறிவேப்பிலைக் கன்னு வச்சுட்டேன். அக்காவுக்குக் குடுத்தது நான் அள்ளுனது."

"நீ எப்ப அள்ளுன?"

"வெள்ளிக்கெழமை. ஓரியூர்ல."

 பக்கத்திலிருந்த அரிசி வாளியின் மேல் உட்கார்ந்தேன்.

"கட்டுன நாள்ல இருந்து மொதத் தடவையா இந்த மனுஷன் சாமியைத் தேடிப் போறாரு, பக்கத்துல மண்டி போடணும்னு ஆசையா இருந்துச்சு. ஜெர்லினை எங்கம்மா வீட்டுல விட்டுட்டு, உங்களுக்குப் புளிச்சோறு கட்டிக்கிட்டுப் பஸ் ஏறி வந்தேன். கோயில்ல ஒரு ஈ காக்கா இல்ல. நடுவுல நின்னுக்கிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். கால் வைக்க எடமில்லன்னீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். யாருமில்லாத கோயிலில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியோடு அவள் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப அந்த மொட்டை வேண்டுதல்?"

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கோவத்துல போட வச்சது. அதுக்கப்புறந்தான் அழுதுக்கிட்டே நெசமா நேந்தேன்."

"என்னன்னு?"

"இந்த மனுஷன் தன் வாயால உண்மையைச் சொல்லிட்டா, கூட்டிட்டு வந்து முடி எறக்குறேன்னு. சாமி கேட்டுருச்சு. வர்ற வெள்ளிக்கெழமை போறோம்."

நான் தலையைத் தடவிப் பார்த்தேன். எவ்வளவு வெட்கத்திலும் மனுஷனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரத்தானே செய்யும்? "எறக்குறதுக்குத்தான் அங்கன முடியே இல்லையே ஜோதி!" என்றேன்.

அவள் புளியைக் கரைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை ஓரியூர்க் கொட்டகையில் மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டு என் தலையைப் பார்த்துக் குழம்பி நின்றார்.

"இதுல நான் எதைங்க எடுக்குறது?"

"மீசையை," என்றாள் ஜோதிமேரி.