பத்தாயிரம் உருட்டு

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்ததில் பாத்திரம் தேய்ந்ததோ இல்லையோ, நான் தேய்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் யார் தேய்ப்பது என்பதைப் பகடைதான் தீர்மானிக்கும். தினமும் காலையில் இரண்டு பகடையை உருட்டுவோம். பெரிய எண்ணில் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். பூஜ்யம், ஒன்று, இரண்டு வந்தால் அன்றைய பாத்திரம் என் தலையில். மூன்று, நான்கு, ஐந்து வந்தால் என் மனைவி. ஆளுக்கு மூன்று. நியாயம்தானே என்று கல்யாணமான புதிதில் தலையாட்டினேன். அவள் கணக்கு டீச்சர் என்பதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் இருபது நாள் நான். என் ராசி என்று இத்தனை காலம் விட்டிருந்தேன். ஆனால் ஆபீசில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். எக்செல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. உட்கார்ந்து போட்டேன். ஒரு வரிசை, ஒரு நாள். இரண்டு கட்டத்தில் பகடை எண்கள் தானாக விழும். அடுத்ததில் கழித்தல். கடைசியில் 'நான்' அல்லது 'அவள்'. பத்தாயிரம் வரிசைக்கு இழுத்துவிட்டேன்.

மூன்றில் இரண்டு பங்கு 'நான்'. மறுபடி உருட்டச் சொன்னேன். எண்களெல்லாம் மாறின, பங்கு மாறவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"அநியாயம்! ஆறாயிரத்து அறுநூத்தி எழுபத்திரண்டு நாள் நான் தேய்க்கிறேன், பாரு!"

நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நாம உருட்டுற மாதிரியேதானாங்க?"

"அச்சு அசல் அதேதான்."

"யாரும் கள்ளாட்டம் ஆட முடியாதே?"

"அதெப்படி? மிஷினாச்சே!"

"உருட்டினது நீங்கதானே?"

"நானேதான்!" என்று மார்தட்டினேன். தட்டும்போதே ஏதோ உறைத்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. தினம் சோபாவுக்கு அடியில பகடை தேடுற வேலை மிச்சம். பிரிண்ட் எடுத்து சமையல்கட்டுல ஒட்டிடுங்க."

"இது சும்மா போட்டுப் பாத்தது! ரூலை மாத்தணும்னு கேக்கத்தான்..."

"தாராளமா மாத்தலாம். உருட்டினதுக்கப்புறம் பாதி ஆட்டத்துல யாராவது மாத்துவாங்களா? இது முடியட்டும்."

ஒட்டினேன். முதல் வரிசை: நான்.

பத்தாயிரம் நாள் என்றால் இருபத்தேழு வருஷம். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. எழுபத்தெட்டாவது வயதில் விதியை மாற்றலாமாம்.