கிள்ளானுக்கு வந்துருச்சா?

கோலாலம்பூரில் யாரிடமும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாத ஒரே தமிழர் எங்கள் பெட்டிக்காரர்தான். இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அது வழக்கம். மற்றவர்களுக்கு அது எப்போதாவது ஒருநாள். அவருக்கு அதுதான் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். நான் அவருடைய வேன் ஓட்டினேன். நாக்கு அப்படியே பழகிவிட்டது அவருக்கு. சாப்பாட்டுக் கடையில் கை கழுவுவார், காசை வைப்பார், நடப்பார். கல்யாண வீட்டிலும் அதேதான். ஒருமுறை பெண்ணின் தகப்பன் ரோடு வரை ஓடி வந்தார்.

"என்னண்ணே, சொல்லாமலே கெளம்பிட்டீங்க? சாப்பாட்டுல ஏதும் கொறையா?"

"கொறை ஒண்ணும் இல்ல. நான் வரேன்னு சொன்னா நீங்க பயப்படுவீங்கல்ல?"

அந்த மனிதர் வேகமாகத் திரும்பி நடந்தார்.

கடை என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். எங்கள் கஷ்டமே அதுதான். எங்கள் கார்டை யாரும் கையால் தொட மாட்டார்கள். ஒரு வருஷக் கடைசியில் முருகன் படம் போட்டுக் காலண்டர் அடித்தார். வீடு வீடாகக் கொடுத்தோம். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் கடை வாசலில் கிடந்தன. ஒரு ஆன்டி மட்டும் திருப்பித் தரவில்லை. அடியில் இருந்த எங்கள் பெயரைக் கத்தரித்துப் போட்டுவிட்டு முருகனை மட்டும் மாட்டிக்கொண்டார்.

"முருகனுக்காச்சும் எடம் கெடைச்சிச்சு லா," என்றார் பெட்டிக்காரர்.

அப்புறம்தான் டெலிபோன் டைரக்டரியைப் பிடித்தார். மஞ்சள் தாளில் கடைகளின் பெயர்கள் வருமே, அந்தத் தடிப் புத்தகம். அது எல்லா வீட்டிலும் இருந்தது. நாங்கள் அதற்குள் இருந்தோம். யாரும் 'வாங்க' என்று சொல்லாமலே எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட்டோம்.

புதுப் புத்தகம் வந்தால் அவர் கடையில் தங்க மாட்டார். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஊர் ஊராகப் போவார். எங்கே டெலிபோன் இருந்தாலும் பக்கத்தில் கிடக்கும் புத்தகத்தைப் புரட்டுவார். எங்கள் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கிள்ளானில் ஒரு கடலைக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். இவர் பொட்டலத்தை வாங்கினார். பிரித்தார். கடலையை என்னிடம் நீட்டினார்.

"நம்பர் தெளிவாத்தான் விழுந்திருக்கு," என்றார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். வேனில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பெட்டியில் ஒரு கிழவர் இருந்தார்.

"எங்கப்பா செத்தன்னிக்கு யாரக் கூப்புடறதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. காய்கறி லோரிலதான் கொண்டு போனோம். முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவுல." பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "ஒரே ஒரு நம்பர். அது தெரிஞ்சிருந்தாப் போதும்."

நான் கியர் மாற்றினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் காலம் கெட்டது. பெட்டாலிங் ஜெயாப் பக்கம் பெரிய கம்பெனி ஒன்று வந்தது. ஏர்கான் ஹால். கோட்டுப் போட்ட ஆட்கள். எங்கள் போன் அடிக்கவில்லை. சாவு குறையவில்லை. எங்களைத் தேடுபவர்தான் இல்லை. பெட்டிகளின் மேல் தூசி படிந்தது. தினமும் துடைத்தேன்.

"இப்படியே போனா சாத்திட வேண்டியதுதான்," என்றார் அவர். "எல்லாத்தையும் வித்துடுவோம். ரெண்டு பெட்டி மட்டும் இருக்கட்டும். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தெருமுனையில் ஸ்டெல்லா அக்கா சைபர் கஃபே வைத்திருந்தார். அவர் புருஷனை நாங்கள்தான் கொண்டு போனோம். எங்களைப் பார்த்து முகம் திருப்பாத ஒரே ஆள். அவர்தான் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தார். ஒரே ஒரு பக்கம். பெட்டிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடச் சொன்னார். திரையில் அந்தப் பெரிய கம்பெனி வந்தது. அமெரிக்காவில் ஒரு பூக்கடை வந்தது. நாங்கள் வரவில்லை.

"என்னம்மா, நம்ம கடை எங்க?"

"இருக்குண்ணே. இருக்குன்னு நெட்டுக்குத் தெரியணும்ல? வேற நாலு எடத்துல நம்ம பேரு இருந்தாத்தான் மேல காட்டும். நெட்டுலயும் டைரக்டரி இருக்கு. மொதல்ல அதுல எல்லாம் பதியணும்."

டைரக்டரி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆசை யாரை விட்டது? டைரக்டரியில் ஒரு பிரிவு போதவில்லை அவருக்கு. பெட்டி மரம்தானே என்று ஃபர்னிச்சரில் பதிந்தார். வேன் இருக்கிறதே என்று சுற்றுலாவில் பதிந்தார். போன் அடிக்க ஆரம்பித்தது.

"பாஸ், லங்காவிக்கு எவ்வளவு?"

"போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவுமா?"

"திரும்பி வரணும் லா!"

"அப்ப நம்மகிட்ட இல்ல," என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று கட்டில் பார்க்க வந்தது. பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தான்.

ஸ்டெல்லா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டில் தேடறவன் இங்க வந்து என்னண்ணே பண்ணுவான்? நம்மளத் தேடறவன் எங்க தேடுவானோ அங்க மட்டும் இருங்க. அப்புறம் இந்த விலாசம். ஒண்ணுல ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்புறம். ஒண்ணுல கோயில் சந்து. ஒண்ணுல பழைய போன் நம்பர். நெட்டு இத மூணு கடைன்னு நெனைச்சுக்கும். பேரு, விலாசம், நம்பர் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்."

"குவார்ட்டர்ஸத்தான் இடிச்சிட்டானே," என்றார் மெதுவாக. அவர் பிறந்தது அங்கேதான். "சரி, மாத்தும்மா."

ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கட்டிலும் சுற்றுலாவும் போயின. பொறுமையான வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைசிப் பக்கத்தில் தெரிந்தோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தோம்.

ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டுக் காட்டினார். இவர் திரையைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இது பிரிக்பீல்ட்ஸ். கிள்ளானுக்கு வந்துருச்சா?"

"அண்ணே, இங்க தெரிஞ்சா எங்கயும் தெரியும். லோரில ஏத்தி அனுப்பற புத்தகம் இல்ல இது."

"எதுக்கும் போய்ப் பாத்துடுவோம்."

போனார். அந்தந்த ஊர் சைபர் கஃபேயில் கேம் விளையாடும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, தேடித் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவார். "பெட்டாலிங் ஜெயா வந்துருச்சு," என்பார். "ஷா ஆலம் வந்துருச்சு. ஆனா கொஞ்சம் கீழ இருக்கு." நானும் தலையாட்டுவேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் போன் அடித்தது. ஒரு பெண். ஆஸ்திரேலியாவிலிருந்து பேசினாள். அப்பா பெட்டாலிங் ஜெயாவில் தனியாக இருந்தவர், போய்விட்டார் என்று அழுதாள். இங்கே யாரையும் தெரியாதாம். நெட்டில் தேடினாளாம்.

"அழாதம்மா. நாங்க இருக்கோம். நீ வர்ற வரைக்கும் அப்பா எங்க பொறுப்பு," என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்திரேலியாவுக்கே வந்துருச்சுடா."

அதற்குப் பின் போன் அடித்தது. தினமும் இல்லை. கடையைச் சாத்தாமல் இருக்கப் போதுமான அளவுக்கு அடித்தது.

"கிள்ளான் மட்டும் பாக்கி," என்று ஒருநாள் சட்டையை மாட்டினார். ஸ்டெல்லா அக்கா சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். வழக்கம்தான். நான் பெட்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் போன் வந்தது. இளைஞன் குரல்.

"பாஸ், கிள்ளான்லேருந்து பேசறேன். சைபர் கஃபே. ஒரு அங்கிள் இங்க நாற்காலிலயே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ்காரங்க பாத்துட்டு முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. ஐ.சி. கார்டுல விலாசம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்னு போட்டிருக்கு. அத இடிச்சாச்சாம். யாருக்குச் சொல்றதுன்னே தெரியல பாஸ். அவரு பாத்துக்கிட்டிருந்த ஸ்கிரீன்ல உங்க நம்பர் இருந்துச்சு."

எல்லா டைரக்டரியிலும் விலாசம் மாற்றியவர் தன் அடையாள அட்டையில் மாற்றவில்லை. மனைவி இல்லை. பிள்ளை இல்லை. அந்த நம்பர் ஒன்றுதான்.

"தம்பி," என்றேன். "ஸ்கிரீன்ல எங்க கடை எங்க இருந்துச்சு?"

"என்ன பாஸ்?"

"மேலயா, கீழயா?"

"மேலதான் பாஸ். மொதல்ல அதான் இருந்துச்சு."

"சரி. வந்துட்டேன்."

இருந்ததில் நல்ல பெட்டியாகப் பார்த்து ஏற்றினேன். ஸ்டெல்லா அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வேனைக் கிள்ளானுக்கு விட்டேன்.

மறுநாள் மின்சுடலைக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முருகனை மாட்டிய ஆன்டியும் வந்திருந்தார். முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். நான் கடைசி. செருப்பை மாட்டினேன். வேன் வரைக்கும் நடந்தேன். கதவைத் திறந்தேன். பிறகு திரும்பி வந்து வாசலில் நின்றேன்.

"போயிட்டு வரேண்ணே," என்றேன்.