அழுகை முகத்தை அமுக்கிய கதை

நன்றாக இருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அதை நம்பும் சொந்தக்காரர் மதுரை வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. “மேலுக்குச் சொல்லுது, உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு” என்பார்கள். அதுவே “மனசு சரியில்லை” என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள், உடனே நம்பிவிடுவார்கள். எனக்கு இது கல்யாணத்துக்கு முந்தைய மாதம் விளங்கியது. அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

அப்போது நான் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செயலி. தினமும் சாயங்காலம் “இன்று உங்கள் மனநிலை என்ன?” என்று கேட்கும். சிரிப்பு முகம், சாதா முகம், கோப முகம், அழுகை முகம் என்று வரிசையாக இருக்கும். நம் நிலைமைக்குத் தக்க முகத்தை அமுக்க வேண்டும். ஜனங்கள் ஆசையாக இறக்கிக்கொள்வார்கள். சில நாள் அமுக்குவார்கள். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“சுகந்தி, வந்தவுக எல்லாம் ஓடிப் போயிடுறாகம்மா. ரிடென்ஷன் வேணும். நீ என்ன செய்வியோ தெரியாது, ஆப்ப மாத்து. ஒருதரம் வந்தவுக மறுபடி மறுபடி வரணும்.”

நான் யோசித்தேன். (அந்த வயதில் எனக்கு யோசிப்பதில் அபார நம்பிக்கை. என்னைப்போல யோசிக்க வைகைக்கு இந்தப் பக்கம் ஆளில்லை என்று நினைப்பு.) நம் ஊரில் ஒரு மனுஷன் எங்கேயும் போகாமல் இருப்பது எதனால்? யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பதனால். அப்படியானால் செயலிக்குள்ளும் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்தால் என்ன? ஒருவர் அழுகை முகத்தை அமுக்கினால், அவர் வீட்டு ஆட்களுக்கு ஒரு செய்தி போகும். அவர்கள் செயலிக்குள் வந்து பதில் சொல்வார்கள். பதிலைப் பார்க்க இவரும் வருவார். ஆள் போவதும் வருவதுமாக ஆப் கல்யாண வீடு மாதிரி இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

செய்திகளை எழுதியதும் நான்தான். முதல் செய்தி: “சுகந்திக்கு மனசு சரியில்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.” மறுபடி அமுக்கினால் இரண்டாவது: “சுகந்தி இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்.” அதற்கும் மேலே அமுக்கினால் போவதை எழுதிவிட்டு நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்: “இதுவரை யாருமே கேட்கவில்லை. சுகந்தி காத்திருக்கிறார்.” அடியில், போன் செய்வதற்கு அழகான பச்சைப் பொத்தான்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? “நம்ம வீட்டு ஆளுகள வச்சே பாரும்மா” என்றார் அண்ணன். அம்மா, அப்பா, செக்கானூரணியில் இருக்கும் தாய்மாமன், அத்தை, சித்தி எல்லோர் போனிலும் ஏற்றினேன். கார்த்தியையும் சேர்த்தேன்.

கார்த்தி எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. நாகமலை புதுக்கோட்டைக்காரர், கல்லூரி ஆசிரியர். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அம்மா “பிடிச்சிருக்காடி?” என்று கேட்டாள். நான் “உங்க இஷ்டம்” என்றேன். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் எனக்கு அவரை அன்றே பிடித்துவிட்டது. தட்டில் வைத்த கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கலாமா என்று அவருடைய அம்மா முகத்தைப் பார்த்தாரே, அப்போதே. ஆனால் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

சோதனை அன்று மத்தியானம் அழுகை முகத்தை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமுக்கினேன். அசைவில்லை. எரிச்சலில் கதவு தட்டுகிற மாதிரி தட்டித் தீர்த்தேன். கடைசியில் போனே விறைத்துப்போய் நின்றுவிட்டது. “அண்ணே, போகல” என்று சொல்லிவிட்டு, அதை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

செய்தி எல்லாம் போயிருந்தது. அமுக்கிய ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்று.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஆனையூரில் இறங்கி வீட்டை நெருங்கினால், வாசல் நிறையச் செருப்பு. ஓரமாக மாமாவின் குட்டி யானை நிற்கிறது. வெங்காயம் ஏற்றுகிற அந்த வண்டியில் இருந்து எங்கள் அத்தை சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டு இறங்குகிறாள். யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். யார் என்று தெரியாமலே அழ ஆரம்பித்தேன்.

“பாத்தீகளா, வரும்போதே அழுதுக்கிட்டு வருது!” என்றாள் சித்தி.

கூடத்தில் சாத்துக்குடியும் பிரெட் பாக்கெட்டும் இளநீரும் குவிந்து கிடந்தன. விசாரிக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அதைவிட மரியாதைக் குறைவு, போனில் விசாரிப்பது. என் அழகான பச்சைப் பொத்தானை ஒருத்தர்கூட அமுக்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் நான் படித்த படிப்பு நின்றது.

மாமா என்னைக் கண்டதும் தழுதழுத்தார். “எம்புட்டு நேரந்தாயி காத்திருந்த? ஒருத்தரும் கேக்கலேன்னு எழுதிட்டியே. நான் உசுரோடதான இருக்கேன்?”

“அய்யோ மாமா, நான் எழுதல! அது டெஸ்டிங்!”

“அப்பிடின்னா?”

“சும்மா அமுக்கிப் பாக்குறது மாமா.”

“சும்மா யாராச்சும் இம்புட்டுத் தரம் அழுவாகளா?” என்று மாமா கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் சிரித்துக் காட்டினேன். “பயந்து சிரிக்குது” என்றாள் அத்தை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாமாவிடம் திரும்பினாள். “நான் கேட்டப்பவே ‘உங்க இஷ்டம்’னு மூஞ்சியத் தொங்கப் போட்டுச்சு அண்ணே. எனக்குத்தான் விளங்கல.”

அப்போதுதான் பார்த்தேன். சுவர் ஓரமாகக் கார்த்தி நின்றுகொண்டிருந்தார். கையில் ஹெல்மெட். பக்கத்தில் அவருடைய அம்மா.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “மாப்ள வீட்டுக்காரகளும் இருக்காக. இங்கனயே பேசிருவோம். தாய்மாமன் நான் சொல்றேன். பிள்ளைக்கு இஷ்டமில்லாத கல்யாணத்துல நான் முன்ன வந்து நிக்க மாட்டேன்.”

எங்கள் பக்கம் தாய்மாமன் நிற்காமல் கல்யாணம் கிடையாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொத்தானில் என் வாழ்க்கை கைவிட்டுப் போகப்போகிறது என்று நிஜமாகவே பயந்தேன்.

கார்த்தி அப்பாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். “அவுகளுக்கு விருப்பமில்லேன்னா நான் விலகிக்கிறேங்க. எங்க வீட்ல நான் பேசிக்கிறேன். ஆனா இதுக்காக யாரும் அவுகளத் திட்டக் கூடாது.”

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

“யாரும் விலக வேண்டாம்! எனக்கு இவுகளைப் பிடிச்சிருக்கு. பாக்க வந்த அன்னைக்கே பிடிச்சிருச்சு. ரொம்பப் பிடிச்சிருக்கு!”

தெருவில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் வண்டிக்காரர்கூட நின்று பார்த்தார் என்று பின்னால் சொன்னார்கள். கார்த்தி கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டு அத்தை காலடியில் போய் நின்றது. அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். இஷ்டமில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். “அடி கழுத, இத முதல்லயே சொல்லியிருந்தா நான் வெங்காயத்த மார்க்கெட்டுல இறக்கிட்டு வந்திருப்பேன்ல?” அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள்.

மறுநாள் அண்ணன் ஒரே குஷி. எங்கள் சொந்தக்காரர்கள் ராத்திரி முழுக்க ஆப்பைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்கள். “கிராஃப்ல கோடு சும்மா ஜிவ்வுன்னு ஏறுதும்மா! இதையே வச்சுக்குவோம்” என்றார். நான் அந்தச் செய்திகளை அழித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றைக்கு அந்தச் செயலி யாருக்கும் எதையும் சொல்லாது. நாலு நாள் நீங்கள் வராவிட்டாலும் ஏன் என்று கேட்காது. முன்னைவிட அதிகம் பேர் இருக்கிறார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. ஓமப் புகை நேராக என் கண்ணுக்குத்தான் வந்தது. தாலியை எடுத்துக் கார்த்தி கையில் கொடுக்கிற நேரம், என் கன்னத்தில் தண்ணீர் வழிவதை மாமா பார்த்துவிட்டார்.

“மேளத்த நிறுத்துங்கய்யா! பிள்ளை அழுவுது. ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்!”

கெட்டி மேளத்துக்குக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். மண்டபமே என்னைப் பார்த்தது. “புகை மாமா! வெறும் புகை!” என்று நான் கத்தியது கல்யாண வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிக் காட்டுவார்கள்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் கண் கலங்கினாலும், வெங்காயம் நறுக்கினாலும் சரி, சீரியல் பார்த்தாலும் சரி, “புகையா?” என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம் கஞ்சி வைக்க வீட்டுக்கு வந்தவள், அடுப்படியிலேயே நின்று அழுதுகொண்டிருந்தேன். கார்த்தி எட்டிப் பார்த்தார்.

“புகையா?”

“இல்லங்க.”

அவர் அடுப்பை அணைத்தார். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, “செக்கானூரணி மாமாவுக்குச் சொல்லட்டுமா?” என்றார்.

“வேணாம்” என்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.